மதிப்பெண்ணுக்கு ஒரு மொழி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களில் ஒரு விசாரணை எழுகின்றது. பிள்ளை எந்தப் பிரிவில் சேர்வது என்பது அதன் முதற்பகுதி. கணிதமா, உயிரியலா, வணிகமா என்று நாலைந்து நாள் பேசி முடிவு காண்பார்கள். இரண்டாம் பகுதி மிகச் சுருக்கமானது. “மொழிப்பாடம் தமிழா, பிரெஞ்சா?” என்று பள்ளி அலுவலகத்தில் கேட்பார்கள். “எதில் மார்க் கூட வரும்?” என்று தந்தையார் திருப்பிக் கேட்பார். விடை இருவருக்குமே தெரியும். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்திற்குள் ஒரு குறி விழும். பத்தாண்டுக் காலம் பயின்ற தாய்மொழிக் கல்வி அந்தக் குறியோடு நிறைவெய்திவிடும்.

பிரிவைத் தேர்ந்தெடுக்க நாலைந்து நாள். மொழியைத் துறக்க அரை நிமிடம். இந்த அரை நிமிடத்தைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மொழிப்பற்றை முழக்கமிடுவது நம் கருத்தன்று. அப்பணிக்கு மேடைகள் பல உள்ளன. பிரெஞ்சு மொழியைப் பழிப்பதும் நம் கருத்தன்று. ஓர் அறிவை அறிவுக்காக அன்றி அதன் நிழலாகிய மதிப்பெண்ணுக்காக மட்டும் தேடுவது முறையாகுமா? ஒழுக்கத்தின் தராசில் அச்செயலின் எடை என்ன? இதுவே நம் முன்னுள்ள கேள்வி. மார்க்கத்தைப் பேணும் குடும்பங்கள் இக்கேள்வியைப் புறந்தள்ள இயலாது.

நடைமுறை

தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியில் பகுதி ஒன்று மொழிப்பாடம். பகுதி இரண்டு ஆங்கிலம். பெற்றோர் ‘இரண்டாம் மொழி’ என்று பேச்சில் வழங்குவது இந்தப் பகுதி ஒன்றைத்தான். அதில் தமிழ், அரபு, உருது, சமஸ்கிருதம், இந்தி, பிரெஞ்சு முதலிய மொழிகளுள் ஒன்றை, பள்ளியின் வசதியைப் பொறுத்து, மாணவர் தேர்ந்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கிக்கொண்டு வந்தது. அதன் எல்லை பத்தாம் வகுப்போடு நின்றது.

பதினோராம் வகுப்பில் பிரெஞ்சில் சேர்பவன் பெரும்பாலும் அம்மொழியின் நெடுங்கணக்கையே அப்போதுதான் காண்கின்றான். ஆகவே அவனுக்கு வைக்கப்படும் பாடமும் தேர்வும் தொடக்க நிலையினவாகத்தானே இருக்க முடியும்? அவனருகே அமர்ந்து தமிழ் பயிலும் மாணவனோ பத்தாண்டுகள் கற்றவன் என்பதால், செய்யுள், உரைநடை, இலக்கணம், துணைப்பாடம் என்று அவனுக்கு முதிர்ந்த பாடம் வைக்கின்றார்கள். ஒருவன் மலையில் பாதி ஏறி நின்று மேலும் ஏறுகின்றான்; மற்றவன் அடிவாரத்துத் திட்டில் ஏறி நிற்கின்றான். இருவரும் ஏறிய உயரத்தை நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணால் குறிக்கின்றோம். திட்டில் நின்றவன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மலையில் நின்றவன் எண்பத்தைந்து! பட்டியலைப் பார்ப்பவன் கண்ணுக்கு எண்கள் மட்டுமே தெரியும். மலையும் திட்டும் தெரியா.

இந்தக் கோணலை அரசும் அறியாமலில்லை. மேல்நிலைத் தேர்வில் மாநில அளவிலான இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்னிருந்த ஆண்டுகளில் தமிழை மொழிப்பாடமாகக் கொண்டோருக்கு ஒரு பட்டியலும், பிற மொழிகளைக் கொண்டோருக்கு வேறொரு பட்டியலுமாக வெளியிட்டு வந்தார்கள். இரண்டு அளவைகளால் அளந்தவற்றை ஒரே குவியலில் கொட்டலாகாது என்பதை அந்த இரட்டைப் பட்டியலே ஒப்புக்கொண்டது.

பெற்றோர் பக்கத்து நியாயம்

ஒருவர்மீது குறை சொல்லுமுன் அவர் பக்கத்து நியாயத்தை அவர் சொல்வதைவிட நன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதுவே நேர்மை. பிரெஞ்சுக்குக் குறியிடும் தந்தை தீயவரல்லர். அவர் வளைகுடாவில் இருபதாண்டு வெயிலில் உழைத்தவராக இருக்கலாம். கடைத்தெருவில் காலை முதல் இரவுவரை நிற்பவராக இருக்கலாம். தாம் பெறாத கல்வியைத் தம் மகன் பெற வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு மதிப்பெண் குறைந்தால் நூறு பேர் முந்திவிடுகின்ற நாட்டில், சட்டம் திறந்து வைத்த வாயிலில் நுழைவது குற்றமா என்று அவர் கேட்கின்றார். “நான் திருடச் சொல்லவில்லை, பார்த்து எழுதச் சொல்லவில்லை. இருக்கின்ற பாடங்களில் எளியதை எடு என்றேன், அவ்வளவுதானே!” என்கின்றார். சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு மறுமொழி இல்லை.

அவர் சொல்லும் இன்னொரு காரணம் இதனினும் வலியது. “மொழிப்பாடத்தில் நேரம் மிச்சமானால் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் அந்த நேரம் கிடைக்கும்” என்பார். இது வெறுஞ்சாக்கு அன்று, உண்மையான ஆதாயந்தான். ஆயினும் இக்கூற்றினுள் ஒரு வாக்குமூலம் ஒளிந்திருப்பதைக் காண வேண்டும். ஒரு மொழியைப் புதிதாகக் கற்பது வாழ்நாளின் கடினமான உழைப்புகளுள் ஒன்று. அப்படியிருக்க, ஒரு புதிய மொழியைத் தேர்ந்ததனால் நேரம் மிஞ்சுகின்றது என்றால், அந்த மொழி அங்கே கற்கப்படவில்லை என்பதுதானே பொருள்?

இனி, அந்த மதிப்பெண்தான் என்ன வாங்கித் தருகின்றது என்று கணக்குப் பார்ப்போம். 2018 மார்ச் வரை மேல்நிலைத் தேர்வின் மொத்தம் 1200. அதில் மொழிப்பாடத்திற்கு 200. 2019 முதல் மொத்தம் 600, மொழிப்பாடத்திற்கு 100. ஆனால் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கிடப்படுவதோ கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மட்டுமே. அதில் மொழிப்பாடத்திற்கு இடமே இல்லை. மருத்துவத்திற்கோ 2017 முதல் தனி நுழைவுத் தேர்வு. மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கும் உதவித்தொகைகளும் வேலைகளும் சில உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் இந்தத் தேர்வுக்குக் காரணமாகச் சொல்லப்படும் இரு பெரும் படிப்புகளின் வாயிலில் அந்தப் பத்துப் பதினைந்து மதிப்பெண் செல்லாக் காசு. அது செல்லுபடியாகும் இடங்கள் பெரும்பாலும் வேறு: பள்ளியின் வாயிலில் தொங்கும் விளம்பரப் பதாகை, கல்யாண வீட்டில் உறவினர் கேட்கும் கேள்வி. ஒரு மொழியைக் கொடுத்து நாம் வாங்குவது பிறர் பார்வையையா? பிறர் காண வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் செயலுக்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயருண்டு. வாசகர்கள் அதை அறிவார்கள்.

மொழி எதிரியன்று

இவ்வளவும் சொன்னதால், அயல்மொழியைக் கற்பதே ஆகாது என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் ‘அர்ரூம்’ அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. அத்தாட்சியாவது அரபு ஒன்று மட்டும் அன்று, தமிழ் ஒன்று மட்டும் அன்று, அவற்றின் வேறுபாடு. பாரிஸ் நகரத்துக் குழந்தை மழலையில் பேசும் மொழியும் அந்த அத்தாட்சியில் அடக்கம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் இளைஞரான ஸைது இப்னு தாபித் (ரலி) அவர்களை அழைத்து, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரைத் திங்கள் அளவில் அவர் அதில் தேர்ந்தார் என்று திர்மிதீயின் நபிமொழித் தொகுப்பு கூறும். அதன்பின் நபிகளார் அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதங்களை எழுதியவரும், வந்த கடிதங்களைப் படித்துக் காட்டியவரும் அவரே. இச்செய்தியை நாம் விரைவைப் போற்றுவதற்காகச் சொல்வதுண்டு. அதில் வேறொரு பாடமும் இருக்கின்றது. கற்றதற்கு அளவுகோல் என்னவாக இருந்தது? கடிதம் எழுத முடிந்தது. கடிதம் படிக்க முடிந்தது. ஈராண்டு பிரெஞ்சு பயின்று நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய நம் பிள்ளையிடம் ஒரு பிரெஞ்சுக் கடிதத்தைக் கொடுத்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

பிரெஞ்சை உளமாரக் கற்றவர்க்கு அது வாரி வழங்கியிருக்கின்றது. ஹைதராபாத்தில் 1908இல் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவர்கள் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் 1935இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் பல பத்தாண்டுகள் அந்நகரிலேயே எளிய வாழ்வு வாழ்ந்து, 1959இல் திருக்குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும், நபிகளாரின் வரலாற்றைப் பிரெஞ்சில் இரு பெருந்தொகுதிகளாகவும் வெளியிட்டார். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், 1647இலேயே, து ரியே என்னும் பிரெஞ்சுக்காரர் திருமறையைத் தம் மொழியில் பெயர்த்திருந்தார். ஆனால் அது வெளியிலிருந்து நோக்கியவரின் பெயர்ப்பு. நம்பிக்கை கொண்ட ஓர் உள்ளத்திலிருந்து பிரெஞ்சு மக்களுக்கு மறையின் பொருள் சென்று சேர, நம் துணைக்கண்டத்து மைந்தர் ஒருவர் அம்மொழியை மூச்சாகக் கொள்ள வேண்டியிருந்தது. அவர் மதிப்பெண்ணுக்காகக் கற்றிருந்தால் அந்நூல்கள் பிறந்திருக்குமா?

அம்மொழியின் சொற்களைச் சற்றே உற்றுப் பார்த்தாலும் நமக்கு அது அயலாகத் தோன்றாது. சர்க்கரையைப் பிரெஞ்சில் ‘சுக்ர்’ என்பர். அரபு ‘சுக்கர்’ என்பதன் வழிவந்தது. பருத்தி ‘கொத்தோன்’, அரபில் ‘குத்ன்’. கடைக்கு அவர்கள் வழங்கும் ‘மகஸான்’, பண்டசாலையைக் குறிக்கும் ‘மக்ஸன்’ என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது. கடற்படைத் தலைவனாகிய ‘அமிரால்’ நம் ‘அமீர்’. பேச்சு வழக்கில் மருத்துவனைக் குறிக்கும் ‘துபீப்’ நம் ‘தபீப்’. இலக்கத்தைக் குறிக்கும் ‘ஷிஃப்ர்’, சுழியைக் குறிக்கும் ‘ஸெரோ’ ஆகிய இரண்டும் ‘ஸிஃப்ர்’ என்னும் ஒரே அரபுத் தாயின் மக்கள். தமிழும் தன் பங்கை அங்கே வைத்திருக்கின்றது. நம் வெட்டிவேரை அவர்கள் ‘வெத்திவேர்’ என்றே அழைக்கின்றனர். கட்டுமரம் அங்கே ‘கத்தமரான்’. இந்த உறவு முறைகளைக் கண்டு வியக்கின்ற ஒரு நாள் அந்த மாணவனுக்கு ஈராண்டில் வாய்த்ததுண்டா? வாய்த்திருந்தால் அவன் பிரெஞ்சு கற்றான் என்று மகிழ்வோம். வாய்க்கவில்லையென்றால் தமிழையும் விட்டான், பிரெஞ்சையும் தொடவில்லை. இரு கரைக்கும் இடையே நிற்கின்றான்.

விலை கொடுத்தவர்கள்

பிரெஞ்சு மொழியோடு முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு பழையது. அத்தொடர்பில் மொழிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை நோக்கினால் நம் கேள்வி தெளிவு பெறும்.

அல்ஜீரிய நாட்டை 1830இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. 1962இல் விடுதலை பெறும்வரை, 132 ஆண்டுகள், அங்கே கல்வி வேண்டுமென்றால் பிரெஞ்சின் வாயிலாகவே பெரும்பாலும் பெற வேண்டியிருந்தது. அம்மக்கள் அம்மொழியில் பேராற்றல் பெற்றார்கள். காத்திப் யாசீன் என்ற எழுத்தாளர் அதைப் போரில் கைப்பற்றிய பொருளுக்கு ஒப்பிட்டார். எனினும் 1970களில் தம் மக்களுக்கு விளங்க வேண்டுமென்று பேச்சு அரபில் நாடகம் இயற்றத் திரும்பினார். மாலிக் ஹத்தாத் என்னும் கவிஞரோ, பிரெஞ்சு தமக்கு நாடு கடத்தப்பட்ட நிலை போன்றது என்று வருந்தி, விடுதலைக்குப் பின் அம்மொழியில் நாவல் எழுதுவதையே கைவிட்டார். ஆஸியா ஜபார் அம்மையார் அம்மொழியிலேயே எழுதி, 2005இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூவர் முடிவும் மூன்று வகை. ஆனால் மூவரும் ஒன்றை உணர்ந்திருந்தனர்: ஒரு மொழியைக் கொள்வதும் விடுவதும் உயிரின் விவகாரம். அவர்களிடமிருந்து தாய்மொழிக் கல்வி வலிந்து பறிக்கப்பட்டது. நாமோ கேட்பாரற்ற நிலையில், அரை நிமிடத்தில், நாமே எடுத்துக் கொடுக்கின்றோம்.

நம் அண்டையிலுள்ள புதுச்சேரியையும் காரைக்காலையும் பார்ப்போம். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1881ஆம் ஆண்டு ஆணையொன்று, தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர்க்குப் புதிய உரிமைகளைத் திறந்துவிட்டது. அவ்வாறு துறந்தோர் பலர் குடும்பப் பெயரையும் பிரெஞ்சு முறையில் வைத்துக்கொண்டனர். வேறு பலர் துறக்க மறுத்துத் தம் வழக்கோடே வாழ்ந்தனர். இவ்விரு சாராருள் யார் செய்தது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. கவனிக்க வேண்டியது இது: அவர்கள் ஒவ்வொருவரும், தாம் எதைப் பெறுகின்றோம், எதை இழக்கின்றோம் என்பதை அறிந்தே கையெழுத்திட்டார்கள்.

அக்கரையோரத்து மரைக்காயர்களும் பிற தமிழ் முஸ்லிம்களும் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட சைகோனுக்குக் கப்பலேறி வணிகம் செய்தனர். வணிகம் செய்தவர்க்கு வாடிக்கையாளரின் பேச்சும் அலுவலகத்தின் மொழியும் வேண்டும். தேவைக்குத் தக்கபடி கற்றனர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. அவர்கள் வேற்றுமொழியைக் கைக்கருவியாகக் கொண்டார்கள். தொழுகையையும் தமிழையும் கைவிட்டு அதை வாங்கவில்லை.

1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் அப்பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுக்க ஆறு மாதத் தவணை தரப்பட்டது. அதைத் தெரிந்தெடுத்த குடும்பங்களின் உறவுகள் இன்றும் பிரான்ஸில் பரவியுள்ளன. காரைக்காலில் ஒரு பிள்ளை பிரெஞ்சு படிக்கின்றது என்றால், பாரிஸிலுள்ள பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளோடு பேச வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பிரெஞ்சுக்கும், மதிப்பெண் பட்டியலுக்காக மட்டும் படிக்கின்ற பிள்ளையின் பிரெஞ்சுக்கும் பாடநூல் ஒன்றே, பொருள் வேறு.

இன்னொரு பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். பாரிஸில் கீழைமொழிக் கல்விக்கென்று 1795இல் நிறுவப்பெற்ற பள்ளியில் தமிழ் கற்பித்த ழூலியன் வென்சோன் என்னும் பேராசிரியர், 1903இல் தமிழைப் பிரெஞ்சுக்காரர்க்குக் கற்பிக்க ஒரு நூல் எழுதி வெளியிட்டார். ஃபிரான்சுவா குரோ என்பவர் பரிபாடலை முழுமையாகப் பிரெஞ்சில் பெயர்த்து 1968இல் வெளியிட்டார். சங்க நூல்களுள் கற்றறிந்தோரும் தயங்கி அணுகும் நூல் அது. அவர்களுக்குத் தமிழில் எந்தத் தேர்வில் எவர் மதிப்பெண் அளித்தார்? அவர்கள் அன்பினால் நம் மொழிக்கு வந்தார்கள். நாம் கணக்கினால் அவர்கள் மொழிக்குப் போகின்றோம்.

நிய்யத்தும் மீஸானும்

ஸஹீஹுல் புகாரியின் முதல் நபிமொழியே நிய்யத்தைப் பற்றியது. ஹிஜ்ரத் என்னும் மாபெரும் செயல்கூட, செய்தவரின் எண்ணம் எதுவோ அதுவாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. ஊர் துறந்த நடை இருவர்க்கும் ஒன்றுதான், பாலைவெயிலும் ஒன்றுதான், எண்ணம் வேறுபட்டால் பயன் வேறுபடுகின்றது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். தச்சன் கூலிக்காகத்தான் நாற்காலி செய்கின்றான். அதனால் நாற்காலி கெட்டுப் போவதில்லையே. மாணவன் மதிப்பெண்ணுக்காகக் கற்றால் மட்டும் கல்வி கெடுமா? நல்ல கேள்வி. தச்சன் நாற்காலியை ஒழுங்காகச் செய்தால்தான் கூலி கிடைக்கும். கூலிக்கும் நாற்காலிக்கும் முடிச்சு இருக்கின்றது. அந்த முடிச்சு உள்ளவரை, கூலியை நாடுபவனும் நல்ல நாற்காலியைத்தான் செய்தாக வேண்டும். முடிச்சு அவிழ்ந்துவிட்டால்? நாற்காலி இல்லாமலே கூலி வரும் என்றால் அவன் மரத்தைத் தொடவும் மாட்டான். நாம் பேசும் மொழிப்பாடத்தில் அந்த முடிச்சுதான் அவிழ்ந்து கிடக்கின்றது. மொழி வராமலே மதிப்பெண் வருகின்றது. கூலிக்கு உழைப்பது இழிவன்று. உழையாமல் கூலி கொள்வதே உறுத்துகின்றது.

மதிப்பெண் சான்றிதழை ஒரு சாட்சியமாக எண்ணிப் பாருங்கள். ‘பிரெஞ்சு: 98’ என்று அது சாட்சி சொல்கின்றது. மாணவன் பொய் சொல்லவில்லை. கேட்ட வினாக்களுக்கு விடையெழுதினான். ஆனால் சான்றிதழைக் காண்பவன், இவன் பிரெஞ்சில் வல்லவன் போலும் என்று நினைக்கின்றான். சொல் பொய்யன்று, தரும் எண்ணம் பொய். சாட்சியத்தை மிகக் கடுமையாகக் காக்கும் மார்க்கம் நம்முடையது. இந்தச் சாட்சியத்தின் பொறுப்பு யாருடையது? பதினாறு வயதுப் பிள்ளையின் பங்கு மிகச் சிறிது. ஏற்பாட்டைச் செய்தவர்கள், அதை விளம்பரம் செய்யும் பள்ளிகள், கண்டும் காணாதிருக்கும் பெற்றோர் என்று பங்கு மேலே ஏறிக்கொண்டே போகின்றது.

அளவையிலும் நிறுவையிலும் குறைசெய்வோரைப் பற்றித் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. அதன் 83ஆம் அத்தியாயம் அது. தமக்கு அளக்கும்போது நிறைவாகவும் பிறர்க்கு அளக்கும்போது குறைவாகவும் அளப்போரை அது எச்சரிக்கின்றது. நம் பிள்ளைக்கு இளகிய அளவையையும், பக்கத்து இருக்கையில் தமிழ் பயிலும் ஏழைப் பிள்ளைக்கு இறுகிய அளவையையும் வைத்து, இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில் அந்த எச்சரிக்கையின் நிழல் விழவில்லையா? பிரெஞ்சு ஆசிரியரை அமர்த்தும் வசதி எல்லாப் பள்ளிக்கும் இல்லை. நகரத்துக் கட்டணப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்த எளிய வாயில் சிற்றூர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி அவ்வளவு வற்புறுத்திய நபியின் உம்மத்தினர் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஒன்றை இங்கே மறைக்காமல் கூற வேண்டும். தமிழைத் தேர்ந்த மாணவன் எல்லாம் அன்பினால் தேர்ந்தவன் என்று சொல்ல இயலாது. உரைநூலை மனப்பாடம் செய்து கக்குபவன் தமிழ் வகுப்பிலும் இருக்கின்றான். நம் சமுதாயப் பள்ளிகள் சிலவற்றில் அரபு மொழிப்பாடமாக இருக்கின்றது. அரபையும் ‘அதில் எளிதாக மார்க் வரும்’ என்ற ஒரே காரணத்துக்காக எடுத்துவிட்டு, திருமறையின் ஒரு வசனத்துக்கும் பொருள் அறியாமல் வெளியேறுபவன் உண்டு. மொழி புனிதமானதாக இருப்பதால் எண்ணம் புனிதமாகிவிடாது. சொல்லப்போனால், அரபை மதிப்பெண்ணுக்கு விற்பது பிரெஞ்சை விற்பதைவிட நெஞ்சை அதிகம் உறுத்த வேண்டும்.

எதை இழக்கின்றோம்?

எந்தத் தூதரும் தம் சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்னும் கருத்தைத் திருமறையின் 14ஆம் அத்தியாயத்தில் காண்கின்றோம். மார்க்கம் மக்களின் நாவிலே வந்து அமர வேண்டும் என்பது இறை ஏற்பாடு. நம் முன்னோர் இதை நன்குணர்ந்தவர்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், மறை என்று தூய தமிழ்ச் சொற்களை மார்க்கத்தின் நடுவிலே அமர்த்தினார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் என்னும் ஒரு மரபையே வளர்த்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர்கள் அதில் நூல்கள் யாத்தார்கள். உமறுப் புலவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களில் சீறாப்புராணம் பாடினார். 1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு இந்தச் செல்வத்தையெல்லாம் உலகின் முன் எடுத்து வைத்தது. அரபின்மீது அவர்கள் கொண்ட காதலுக்கு அளவில்லை. ஆயினும் தமிழை விட்டு அரபை வாங்கவில்லை.

‘பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டானே, போதாதா?’ என்று கேட்பர். பதினைந்து வயதில் நிற்கும் மொழி பதினைந்து வயதின் மொழியாகவே நின்றுவிடும். செய்யுளின் சுவை அரும்புவதும், தன் துயரைத் தானே சொல்லத் தெரிவதும், வாதத்தைத் தொடுக்கத் தெரிவதும் பதினாறு, பதினேழில்தான். அந்த ஈராண்டை வெட்டியெடுத்துவிட்டால், பிற்காலத்தில் அவன் பெரிய பதவியில் அமர்ந்தாலும், தன் வாப்பாவின் மவுத்துக்கு நாலு வரி இரங்கல் எழுத வேற்றாளைத் தேடுவான். வீட்டிலே கண் மங்கிய பாட்டியார் பழைய கிதாபு ஒன்றை நீட்டி, “வாப்பா, இந்தப் பாட்டைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு” என்றால், எழுத்துக் கூட்டிப் படிப்பான். பொருள் சொல்லத் தெரியாமல் திகைப்பான். “பெரிய படிப்புப் படிக்கிற புள்ள” என்று அவரே அவனைத் தேற்றுவார். அந்தத் தேறுதலில் எவ்வளவு பெரிய இழப்பு அடங்கியிருக்கின்றது!

என் செய்வது?

பிரெஞ்சைத் தடைசெய்யச் சொல்லி நாம் கேட்கவில்லை. தடைகளால் அன்பு வளராது. விண்ணப்பத்தில் குறியிடுமுன் பெற்றோர் தமக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: ‘இரண்டு மொழிக்கும் ஒரே மதிப்பெண்தான் வரும் என்றால், அப்போதும் நான் இதையே தேர்ந்தெடுப்பேனா?’ ஆம் என்று உள்ளம் சொன்னால், பிள்ளை பிரெஞ்சே படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும், தமிழ் நூல்கள் சிலவற்றை வீட்டில் வாங்கி வைத்து அந்த வழியும் அடையாமல் பார்த்துக்கொள்ளட்டும். இல்லை என்று சொன்னால், அந்த ‘இல்லை’யைக் கேட்க வேண்டும். உள்ளம் கொடுக்கும் தீர்ப்பை விண்ணப்பப் படிவம் மாற்றலாகாது.

முன்னமே குறியிட்டுவிட்ட குடும்பங்கள் மனம் தளர வேண்டியதில்லை. நிய்யத்து தொடக்கத்தில் மட்டும் வைக்கப்படுவதன்று, இடைவழியிலும் திருத்தப்படுவது. வேறு நோக்கத்துக்காக அறிவைத் தேடத் தொடங்கியபோதும், அறிவு இறைவனுக்கன்றி வேறெதற்கும் ஆட்பட மறுத்துவிட்ட அனுபவத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் எடுத்துரைக்கின்றார்கள். அறிவுக்கு அந்த ஆற்றல் உண்டு. மதிப்பெண்ணுக்காக நூலைத் திறந்த பிள்ளை, ‘சுக்ர்’ என்ற சொல்லின் முன் ஒரு கணம் நின்று, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டால் போதும். வடமொழியிலிருந்து பாரசீகமும் அரபும் கடந்து பிரான்ஸ் வரை நடந்த ஒரு சொல், தன் வீட்டு அடுக்களையில் சர்க்கரை என்ற பெயரில் இருப்பதை அவன் காண்பான். அன்று மதிப்பெண் பின்னால் போகும். மொழி முன்னால் வரும். அந்தக் கேள்வியை அவன் கேட்கும்படி செய்வது ஆசிரியரின் கடமை. கேட்கும்போது எரிந்து விழாமல் உடனமர்ந்து வியப்பது பெற்றோரின் கடமை.

மறுமையில் நாம் பெற்ற அறிவைப் பற்றியும் வினவப்படுவோம் என்று நம்புகின்ற மக்கள் நாம். அவ்வினா ‘எத்தனை வாங்கினாய்?’ என்று அமையாது. ‘கற்றதைக் கொண்டு என்ன செய்தாய்?’ என்றே அமையும். அந்த நாளில் விடை சொல்லத்தக்க கல்வியை நம் மக்களுக்கு வழங்கவும், நம் எண்ணங்களைச் செம்மையாக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.